படம் எடுக்கும் முன் எத்தனை படம் பார்க்க வேண்டும்?

அடுத்த கேள்வி, யாழ்ப்பாணத்தில் ஊடகத்துறை படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியது. வாசிக்கிறேன். “அண்ணா, பாசையூர் மீன் ஏலத்தைப் பற்றி பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறோம். அதற்கு முன் உத்திகளையும் பாணிகளையும் ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கிழமையாகப் படம் பார்க்கிறோம், குழப்பம்தான் கூடியிருக்கிறது. எங்கே நிறுத்துவது?”

குழப்பம் வரத்தான் செய்யும், தங்கச்சி. இருபது படத்தை ஒவ்வொரு தடவை பார்த்தால் கதைதான் மனதில் நிற்கும், எடுத்த விதம் நிற்காது. மூன்று படம் போதும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. அடுத்த தடவை சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு, கொப்பியும் பென்சிலுமாக இருந்து பாருங்கள். ஒரு ஷொட், அதாவது வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு, எத்தனை விநாடி நிற்கிறது? கமரா எந்த உயரத்தில் இருக்கிறது? பேசுகிறவர் கமராவைப் பார்க்கிறாரா, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறாரா? மூன்றாவது தடவை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள்.

காதால் கேட்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’. தேயிலை விளம்பரத்துக்காகத் தேயிலைப் பிரசார சபை காசு கொடுத்து எடுப்பித்த படம். அதில் ஒரு பகுதியில் ஆட்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள், மேலே விலை நிலவரமும் வியாபாரக் குரல்களும் ஓடும். படம் ஒன்று, சத்தம் வேறொன்று. இரண்டும் சேரும் இடத்தில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் நமக்கு விளங்கிவிடுகிறது. உங்கள் ஏலத்தோடு சேர்த்து யோசியுங்கள். வலையில் இருந்து மீன் கழற்றுகிற கை திரையில், ஏலம் கூறுகிறவரின் குரல் காதில்.

பாணிகள் என்று கேட்டால், ஆவணப்படங்களை ஆராய்ந்த பில் நிக்கோல்ஸ் பிரித்த ஆறு வகையைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். விளக்கிச் சொல்வது, ஒதுங்கி நின்று கவனிப்பது, எடுப்பவரும் உள்ளே இறங்குவது என்று போகும். அறிக்கையில் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் நல்ல படத்தில் இரண்டு மூன்று வகை கலந்துதான் இருக்கும். எது வேண்டும் என்று இப்போதே மண்டையை உடைக்காதீர்கள்.

அதைவிட ஒவ்வொரு ஷொட்டிலும் “இதை எப்படி எடுத்திருப்பார்கள்” என்று கேளுங்கள். 1922இல் ரொபர்ட் ஃபிளாஹர்ட்டி, கனடாவின் பனிப்பகுதியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எடுத்த ‘நானூக் ஒஃப் த நோர்த்’ படத்தில் பனிவீட்டுக்குள் குடும்பம் படுத்து எழும்புகிற காட்சி வரும். அந்தக் காலத்துக் கமராவுக்கு உள்ளே இடமும் காணாது, வெளிச்சமும் காணாது. அதனால் ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டி எடுத்தார் ஃபிளாஹர்ட்டி. இது தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். அப்புறம் உங்களிடமும் ஒரு கேள்வி வரும்: ஏலக்காரரை இன்னொரு தடவை கூறச் சொல்லி எடுப்போமா, மாட்டோமா? அதைக் குழுவாக இருந்து முதலே பேசி முடியுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் நானும் ஒரு மீன் இறங்குதுறையில் எடுத்தேன். விடிய நாலரைக்கு, கமராவில் இருந்த மைக்கை நம்பி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காற்றும் படகு எஞ்சினும்தான் கேட்கிறது. கூறுகிறவர் வாயை அசைக்கிறார், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் முழுப்படத்துக்கும் நானே பின்னணிக் குரல் கொடுத்தேன். பார்த்தவர்கள் “விளக்கப் பாணியை நன்றாகக் கையாண்டிருக்கிறாய்” என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை!

ஆகவே ஆராய்ச்சியில் பாதியை ஏலம் நடக்கிற இடத்தில் செய்யுங்கள். ஒரு விடியற்காலை ஃபோனோடு மட்டும் போங்கள். பார்த்த படங்களில் பிடித்த மூன்று ஷொட்டை அதே மாதிரி எடுத்துப் பாருங்கள். ஒரு ஷொட்டை ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருக்க அந்தச் சனத்துக்குள் முடிகிறதா? சின்ன மைக்கைச் சட்டையில் குத்த ஏலக்காரர் சம்மதிக்கிறாரா? இன்னொன்று, ரியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைட்டும் அதற்கேற்பத்தான் துடிக்கும். ஃபோனை விநாடிக்கு 25 ஃபிரேமுக்கும் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதையும் அறிக்கையில் எழுதலாம், இதுவும் உத்திதான்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். புதுப் படம் ஒன்றைப் பார்க்கும்போது “இதை நாங்கள் பாசையூரில் எடுக்கேலாது, ஏனென்றால்...” என்று காரணத்தோடு உங்களால் சொல்ல முடிகிற அன்றைக்கு நிறுத்துங்கள். ட்ரோன் பற்றியும் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடப் படத்துக்கு, அதுவும் விடியாத இருட்டில், அது எதற்குத் தங்கச்சி? அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக்கை வாடகைக்கு எடுங்கள்.