தொட்டி மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி மெரிபேங்க், ஐசிபிங்கோ, டோங்காட், வெருலம் என்று நம் ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே, கூடவே ஒரு புகைபோக்கியும் நம் நினைவுக்கு வந்துவிடும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து ஆலையடியிலேயே குடியிருந்தவர்கள் ஒருபுறம். இனத்துக்கு இனம் தனிக் குடியிருப்பு என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் பெயர்த்துக்கொண்டு போய் ஆலைப் பக்கம் இறக்கிவிட்டவர்கள் இன்னொருபுறம். எந்த வழியில் வந்திருந்தாலும் ஆலையும் நாமும் இப்போது அண்டை வீட்டார். அந்த அண்டை வீட்டாரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் புகை. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்த ஆலையின் கரி அதே சுவரில் வந்து படிகிறது என்றால், அந்த வெள்ளையடிப்பை உதவிக் கணக்கில் எழுத முடியாது. மெரிபேங்கில் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆஸ்துமாவின் அடையாளம் இருந்தது. அதே காலத்தில்தான் தென் டர்பன் மக்கள் வாளியால் காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளி. அதற்குள்ளே ஒரு தனி வகைப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பு வெளியே இழுக்கும்போது, பை விரிந்து வெளிக்காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதை மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். "நாறுகிறது" என்று சொன்னபோது நம்பாதவர்களும், காகிதத்தில் பென்சீன் என்ற நச்சுப் பொருளின் பெயர் எழுதி வந்தபோது உட்கார்ந்து பேசினார்கள்.

வாளி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். நாற்றம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்றின் திசை, எப்படிப்பட்ட நாற்றம் என்று எழுதுங்கள். அழுகின முட்டை போல் இருந்தால் அநேகமாக ஹைட்ரஜன் சல்பைடு. தீக்குச்சி கிழித்தது போல் மூக்கில் குத்தினால் கந்தக டை ஆக்ஸைடு. டர்பனில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று அடிக்கும், அல்லது தென்மேற்குக் காற்று அடிக்கும். ஆகவே திசையை எழுதி வைத்தாலே எந்த ஆலை என்று பாதி தெரிந்துவிடும். கந்தக டை ஆக்ஸைடுக்குச் சட்டப்படி ஒரு மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 350 மைக்ரோகிராம். 24 மணி நேரத்துக்கு 125. நீங்கள் நேரத்தை எழுதியிருந்தால், காற்று அளக்கும் நிலையத்தின் பதிவோடு வைத்துப் பார்க்கலாம். "நேற்று ராத்திரி முழுக்க" என்று எழுதினால் யாராலும் எதையும் ஒப்பிட முடியாது.

நல்ல ஆலை என்ன செய்யும்? எந்திரத்தை நிறுத்தி ஓட்டும் நாளில் அதிகப் புகை வரும் என்று முன்கூட்டியே தெருவுக்குத் தகவல் அனுப்பும். நள்ளிரவிலும் ஆள் எடுக்கும் தொலைபேசி ஒன்று வைத்திருக்கும். மாதக் கூட்டத்துக்குப் புகார்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்பதைத் தமிழ்ப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் மசூதிக்கும் ஒரே மாதிரி சொல்லித் தரும். 2020 டிசம்பர் 4ஆம் தேதி காலையில் வென்ட்வொர்த்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் தெருவுக்கு ஓடி வருகிறோம். அப்படிச் செய்யாமல், வேறு உத்தரவு வரும்வரை உள்ளே போய்க் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியேறச் சொன்னால் காற்று போகும் திசையில் ஓடக் கூடாது, குறுக்கே நடக்க வேண்டும். இதை ஆலை ஆண்டுக்கு ஒருமுறையாவது நமக்குப் பழக்கிக் காட்ட வேண்டும்.

சரி, இனி தண்ணீர்த் தொட்டி. எனக்கு மிகவும் அக்கறையான விஷயம் இதுதான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் குடிநீர் நிலையம் நொறுங்கிப்போனது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றது டோங்காட் நேயர்களுக்கு மறந்திருக்காது. அப்போதிருந்து நம் பக்கத்து ஆலைகளெல்லாம் கொடுக்க விரும்பும் பொருள் பச்சைத் தொட்டி. நாம் ஜோஜோ என்று சொல்வோமே, அதுதான். 5,000 லிட்டர். கொடுப்பது நல்ல மனம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பாருங்கள். சாய்ந்து நிற்கும், குழாய் காணாமல் போயிருக்கும், அல்லது உள்ளே புழு நெளியும். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போட்ட கதைதான்.

ஏன் சாய்கிறது? 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஐந்து டன். அதைப் புல்தரையில் வைத்தால் மழையில் மண் ஒரு பக்கம் இறங்கிவிடும். அடியில் கான்கிரீட் மேடை வேண்டும். இரண்டேகால் மீட்டர் சதுரம், பத்து சென்டிமீட்டர் கனம். அதற்கு அரை கன மீட்டர் கான்கிரீட், பெரிய மூட்டையாக மூன்று அல்லது நான்கு மூட்டை சிமெண்டு ஆகும். கொட்டி ஒரு வாரமாவது ஈரமாக வைத்த பிறகே தண்ணீர் நிரப்ப வேண்டும். அடிப்பக்கம் முழுவதும் மேடையில் உட்கார வேண்டும், ஓரம் வெளியே நீண்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரம்பி வழியும் தண்ணீரைக் குழாய் போட்டுத் தூரமாகக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரே மேடைக்கு அடியில் மண்ணை அரித்துவிடும். காலியான தொட்டி லேசு, பலத்த காற்றில் உருண்டுபோகும். அதனால் கட்டியும் வைக்க வேண்டும்.

புழு ஏன் வருகிறது? கூரையில் முதல் மழை கழுவுகிற அழுக்கெல்லாம் நேரே தொட்டிக்குள் போகிறது. முதல் தண்ணீரைப் பிரித்து வெளியேற்ற ஒரு குழாய் வைக்க வேண்டும். கூரையில் ஒரு சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர மீட்டர் கூரைக்கு 50 லிட்டர். 110 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு ஒன்பது லிட்டர் அளவுதான் நிற்கும் என்பதால், ஏறக்குறைய ஆறு மீட்டர் குழாய் வேண்டும். ஒரு மீட்டர் துண்டை மாட்டிவிட்டு "வடிகட்டி போட்டாச்சு" என்று போய்விடுகிறார்கள். வாய்ப்பகுதியில் கொசுவலை கட்டாயம். பழைய கட்டிடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால், அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் மட்டும் வையுங்கள். நல்ல கூரைத் தண்ணீரையும் குடிப்பதற்குக் கொதிக்க வைக்க வேண்டும். அல்லது 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ஜிக், அதாவது துணி வெளுக்கும் பிளீச் திரவம், ஒரு தேக்கரண்டி ஊற்றி, இரண்டு மணி நேரமாவது விட்ட பிறகுதான் குடிக்கலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். பள்ளி வகுப்பறைக் கட்டிடம் 40 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்றால் 360 சதுர மீட்டர். ஒரே இரவில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 5,700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தொட்டி நிரம்பி வழியும். மறுநாள் 600 பிள்ளைகள் வருகிறார்கள். கைகழுவவும் கழிவறைக்கும் மிகச் சிக்கனமாக ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றாலும் 3,000 லிட்டர் போய்விடும். இரண்டாம் நாள் மத்தியானம் தொட்டி வறண்டுவிடும். அதாவது கூரை பெரிது, தொட்டி சிறிது. ஒரு தொட்டியோடு படம் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, நான்கு தொட்டியை அடியில் இணைத்துத் தரும்படி கேளுங்கள். கூடவே மாநகராட்சிக் குழாயிலிருந்தும் மிதவை வால்வு வைத்து, இரவில் அழுத்தம் இருக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் தொட்டித் தண்ணீர் திரும்பிப் பொதுக் குழாய்க்குள் போகாதபடி, ஒருவழி வால்வு கட்டாயம் போட வேண்டும்.

குழாய் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் குழாயைப் பழைய உலோகத்துக்கு விற்கக் கழற்றிப் போய்விடுகிறார்கள். பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், அல்லது கம்பிக் கூண்டு வையுங்கள். 25 லிட்டர் கேனை அடியில் நேராக நிறுத்த முடிகிற உயரம் வேண்டும். தாழ்வாக வைத்தால் ஆயாமார் கேனைச் சாய்த்துப் பிடித்தபடி பத்து நிமிடம் குனிந்து நிற்க வேண்டும். கோயிலானாலும் பள்ளியானாலும், ஒரு குழாய் வேலிக்கு வெளியே தெருப்பக்கம் இருக்கட்டும். மதிலுக்கு அந்தப் பக்கத் தகரக் குடிசையில் இருக்கிற ஜூலு குடும்பமும் அதே ஆலைக்கு அண்டை வீடுதான். தண்ணீர் நின்ற நாளில் அவர்களுக்கும் தாகம் எடுக்கிறது.

அங்குசம் என்று சொன்னேனே, அது ஒரே ஒரு பக்கக் காகிதம். தொட்டி வருவதற்கு முன்பே ஆலையும் பள்ளியும் கையெழுத்துப் போட வேண்டியது. மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில், கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்வது யார்? ஜூலையில் மழை குறைந்த நேரத்தில் தொட்டியைக் கழுவுவது யார்? குழாய் உடைந்தால் யார் காசு? பூட்டுச் சாவி இருக்கும் இரண்டு பேர் யார்? விடுமுறையில் யார் பொறுப்பு? செலவில் நூற்றுக்குப் பத்தையாவது பராமரிப்புக்கு ஒதுக்கித் தரும்படி ஆலையைக் கேளுங்கள். வெட்கப்படவே வேண்டாம். எந்திரத்துக்குப் பராமரிப்பு என்றால் என்னவென்று ஆலைக்காரர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. நிறைய பேர் இதைத் தருமம் என்று நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை. கறுப்பின மக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கு ஒரு நிறுவனம் எவ்வளவு செய்கிறது என்று அளக்கும் பி.இ.இ. மதிப்பெண் முறையில், சமூக வளர்ச்சிக்கென்று வரி போன லாபத்தில் 1 சதவீதம் செலவிட்டால் நிறுவனத்துக்கு முழுப் புள்ளி கிடைக்கும். அந்தப் பலனில் நூற்றுக்கு 75 பங்காவது, சட்டம் கறுப்பர் என்று குறிக்கும் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் ஆப்பிரிக்க மக்கள், கலர்ட் எனப்படும் கலப்பின மக்கள், இந்திய வம்சாவளியினர் எல்லோரும் சேர்த்தி. செலவு அந்த நிதியாண்டுக்குள் ஆக வேண்டும். அதனால் ஆண்டு முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள். கடைசி மாதம் போனால் அவசரத்தில் ஏதாவது ஒரு பெட்டி வந்து இறங்கும், உங்களுக்கு வேண்டியது வராது. உங்கள் சபை சமூக நல அமைச்சிடம் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. நம் சபைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவு போய்விடும், ஆலை உங்களுக்குக் காசு தர முடியாது. வரி அலுவலகத்திடம் வருமான வரிச் சட்டத்தின் பதினெட்டு-ஏ பிரிவு அனுமதியும் வாங்கி வைத்திருந்தால், நிறுவனம் தருவதை வரிக் கழிவில் காட்டலாம். மனு கொடுக்கும்போது அது நமக்குப் பெரிய பலம்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். கொள்முதலும் வேலையும் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலை உணவகத்துக்கு ரொட்டி, தொழிலாளர் சீருடை, புல் வெட்டுவது, பழைய மரப்பலகை எடுப்பது, இவற்றையெல்லாம் பக்கத்துத் தெருச் சிறு வியாபாரியிடம் வாங்கச் சொல்லுங்கள். நன்கொடை ஒருமுறை வரும், ஆர்டர் மாதாமாதம் வரும். ஆண்டு விற்பனை 10 மில்லியன் ரேண்டுக்குக் குறைந்தவருக்கு விலையுயர்ந்த பி.இ.இ. சான்றிதழ் தேவையில்லை, சத்தியப் பிரமாணக் காகிதம் போதும். ஆனால் பணம் சீக்கிரம் வர வேண்டும். 90 நாள் காக்க வைத்தால் தையல்கார அக்காவின் கடை மூடிவிடும். சிறு வியாபாரிக்கு விரைவாகப் பணம் கொடுத்தால் அதுவும் நிறுவனத்தின் புள்ளியில் சேரும் என்று கொள்முதல் அதிகாரிக்கு நினைவுபடுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஆலையில் பயிற்சி கிடைத்தால் அது லெர்னர்ஷிப்பா, வெறும் கூலி வேலையா என்று பாருங்கள். லெர்னர்ஷிப் என்றால் பிள்ளை, நிறுவனம், பயிற்சி நிலையம் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும். அது சீட்டா என்று நாம் சொல்லும் துறைப் பயிற்சி ஆணையத்தில் பதிவாகியிருக்கும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஒப்பந்த நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். வணக்கம்.