நண்பனுக்கும் ‘டா’, பகைவனுக்கும் ‘டா’

தலைவர் அவர்களே, பாட்டுக் கேட்கும் பழக்கத்தை இன்னும் விடாத நண்பர்களே,

தலைப்பைப் படித்ததும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். தமிழில் உயிருக்கு உயிரானவனை ‘டா’ என்கிறோம். சட்டையைப் பிடிக்கப் போகிறவனையும் ‘டா’ என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்குத்தான் ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ எல்லாம். நட்பு, பகை, போட்டி ஆகிய மூன்றையும் பற்றிய பாட்டுகளைப் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் தனித்தனியே தாள் எடுத்துப் பட்டியல் போட உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் குழம்பிவிட்டது. நட்புத் தாளில் எழுதிய பாட்டெல்லாம் பகைத் தாளிலும் வந்து நின்றது. தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இளம் வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாட்டு நோட்டைப் புரட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. குழுவில் இரண்டு பாடகர்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் பாட்டுகள் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை, ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு திருமண வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் சீட்டு அனுப்பினார்கள்: “காட்டுக்குயிலு மனசுக்குள்ள.” அது ஒருவர் பாடும் பாட்டு அல்ல. இரண்டு மைக் முன்னால் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், மற்றவர் கீபோர்டைப் பார்த்தார். தாளம் விழுந்ததும் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவர் அடியை முடிக்கும் மூச்சிலேயே மற்றவர் தொட்டுத் தூக்கினார். அவர் ஒரு சங்கதி போட்டால் இவர் ஒன்றரை போட்டார். கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் தோளில் தோள் போட்டு ஆடினார்கள், ஒருவன் அழுதேவிட்டான். பாட்டு முடிந்தது. ஒருவர் இடப்பக்கம் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனார், மற்றவர் வலப்பக்கம் இறங்கினார். ஏழாவது மாதமும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் குழுவில் அவ்வளவு நன்றாக நட்பைப் பாடியவர்களை நான் பிறகு பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்துத்தான் இந்தப் பேச்சே.

அந்தப் பாட்டு 1991-இல் வந்த ‘தளபதி’ படத்துடையது. இளையராஜா இசை, வாலி பாட்டு, பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் பாடியது. போகி நெருப்பைச் சுற்றிக் கொண்டாட்டம். பழையதை எல்லாம் கொளுத்து என்கிறது பாட்டு. ஆனால் அந்த இரு நண்பர்களும் பகைவர்களால் சூழப்பட்டவர்கள் என்பது படம் பார்ப்பவருக்குத் தெரியும். பகையைத் தெருமுனையில் நிற்க வைத்துவிட்டு உள்ளே ஆடும் ஆட்டம் அது. நம் நட்புப் பாட்டுகளில் நிலைத்தவற்றைப் பாருங்கள், எல்லாம் இப்படித்தான். ஒன்று, விரிசல் விழுவதற்குச் சற்று முன்னால் வரும். இல்லையென்றால் பிரிவுக்குச் சற்று முன்னால் வரும். எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில் பாடப்பட்ட நட்புப் பாட்டு பிறந்தநாள் வாழ்த்து போல, கேக் தீர்ந்ததும் தீர்ந்துவிடுகிறது.

1996-இல் வந்த ‘காதல் தேசம்’ இதற்கு நல்ல சாட்சி. ‘முஸ்தபா முஸ்தபா’ பாட்டை ஏ.ஆர். ரகுமானே இசையமைத்துப் பாடினார். கல்லூரி பிரிவு விழாக்களில் இன்றும் அது ஒலிக்காவிட்டால் விழா முடிந்த மாதிரி இல்லை. ஆனால் அந்தப் படம் ஒரே பெண்ணை விரும்பும் இரு நண்பர்களின் கதை. இந்த நட்பு முறியக்கூடியது என்ற பயத்தின் மேல்தான் அந்தக் குதூகலம் மிதக்கிறது. இன்னொன்று: மாணவர்களின் தேசிய கீதம் போல ஆகிவிட்ட அந்தப் பாட்டை எழுதிய வாலி அப்போது அறுபதைக் கடந்தவர். தோளில் கை போட்டுத் திரிந்த பலரை இழந்த வயதில்தான் ‘தோழன்’ என்ற சொல்லின் எடை தெரியும் போலிருக்கிறது. இது என் ஊகம்.

போட்டிக்கு வருகிறேன். இங்கேதான் நம்மிடம் சரக்கு அதிகம். சினிமா வருவதற்கு முன்பே தஞ்சைப் பக்கம் லாவணி இருந்தது. மராட்டியர் காலத்தில் வந்து தமிழில் வேரூன்றிய கலை. காமன் பண்டிகையில் இரண்டு கட்சிகளாக உட்காருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. கையில் டேப்பு என்ற தோல்கருவி, எதிரில் எதிரி, சுற்றிலும் ஊர். விடிய விடியப் பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில். எதிர்க்கட்சிக்காரன் கேட்ட கேள்வியை முழுவதும் காதில் வாங்கினால்தான் மறுபாட்டு கட்ட முடியும். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இல்லாத ஒழுங்கு அது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமண நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமும் இதே குடும்பம்தான். மேடையில் இருவரும் உண்மையாகவே மோதிக்கொள்வார்கள். மறுநாள் அதே இருவர் வேறோர் ஊரில் மீண்டும் மோதுவார்கள். மோதுவதற்குச் சரியான ஆள் கிடைத்தது அவர்களுக்குப் பிழைப்பு.

இந்த மரபைத் திரையில் முழுமையாகப் பிடித்தது 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ என்பேன். கதை பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் உள்ள விறகு விற்ற படலம். வடக்கிலிருந்து வந்த ஏமநாதன் பாண்டியன் அவையில் சவால் விடுகிறான். எதிர்த்துப் பாட வேண்டியவர் பாணபத்திரர். அவருக்காகச் சொக்கநாதரே விறகுகாரனாக வந்து இரவில் ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். புராணத்தில் அவர் பாடுவது சாதாரிப் பண். படத்தில் டி.எம். சௌந்தரராஜன் குரலில் கௌரிமனோகரி ராகம்: ‘பாட்டும் நானே’. தோற்கப்போகிறவன் யார் என்பது கொட்டகையில் உட்கார்ந்த குழந்தைக்கும் தெரியும். கடவுளிடம் யார் ஜெயிப்பது?

அப்படியிருக்க, அந்தத் தோற்பவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். குரலுக்குப் பாலமுரளிகிருஷ்ணா. முகத்துக்கு டி.எஸ். பாலையா. மெட்டுக்கு அதே கே.வி. மகாதேவன். ‘ஒரு நாள் போதுமா’ மாண்டு ராகத்தில் தொடங்கும். பிறகு தோடி என்ற சொல் வரும் இடத்தில் தோடி, மோகனம் என்ற சொல் வரும் இடத்தில் மோகனம், தர்பாரும் கானடாவும் அப்படியே. பாலையாவின் புருவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ராகத்தையும் இறக்கி வைத்துவிட்டு, “இதற்கு என்ன சொல்கிறாய்?” என்று அவையைக் கேட்கும். செருக்கு பிடித்தவன்தான், ஆனால் செருக்கத் தகுதி உள்ளவன். இசையமைப்பாளர் நினைத்திருந்தால் எதிரிக்கு ஒரு நோஞ்சான் மெட்டைப் போட்டிருக்கலாம். கடவுள் சுலபமாக ஜெயித்திருப்பார், நாமும் சுலபமாக மறந்திருப்போம். கச்சேரி மேடையில் யாராவது துணிந்து கேட்டால், விறகுகாரன் பாட்டைவிட ஏமநாதன் பாட்டுக்கே எனக்குக் கை தட்டத் தோன்றுகிறது. சிவபக்தர்கள் மன்னிக்க வேண்டும்.

1958-இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ எல்லோருக்கும் தெரியும். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆட, பி. லீலாவும் ஜிக்கியும் பாட, பி.எஸ். வீரப்பா “சபாஷ், சரியான போட்டி!” என்றார். அந்த வசனம் படத்தைவிட்டு வெளியே வந்து, கிரிக்கெட்டுக்கும் தேர்தலுக்கும் தலைப்பாகிவிட்டது. இவள் ஜெயித்தாள் என்ற தீர்ப்பு வரும் முன்பே ஆட்டம் கலைந்துவிடும். நல்லவேளை.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வேறு மாதிரி. நாதஸ்வரக்காரருக்கும் நாட்டியக்காரிக்கும் போட்டி. உள்ளே காதல், வெளியே வீம்பு. கத்திக்குத்துப் பட்டு மீண்டு வந்தவரைப் பார்த்து, ஊரே உட்கார்ந்திருக்கும் சபையில் அவளால் எழுந்து போய் “காயம் ஆறியதா?” என்று கேட்க முடியாது. கேட்டால் வீம்பும் போகும், மானமும் போகும். அதனால் ஆட்டத்துக்குள் வைத்துக் கேட்கிறாள்: ‘நலந்தானா’. கண்ணதாசனின் சொல், சுசீலாவின் குரல். பதிலுக்கு வாயைத் திறந்து ஒரு சொல் வராது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம்தான் வரும். போட்டிக்காரியிடம் நலம் சொல்வதற்கு அதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.

பகைப் பாட்டு என்ற வகை நம்மிடம் இளைத்துத்தான் இருக்கிறது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) எம்.ஜி.ஆர். சாட்டையோடு பாடும் ‘நான் ஆணையிட்டால்’ பகைவனுக்கு எதிரில் பாடப்படுகிறது. ஆனால் பாடல் பேசுவது அவனிடம் அல்ல, கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம். அதையும் எழுதியவர் வாலிதான். அங்காவது எதிரி என்று ஒரு நம்பியார் கண்ணெதிரே இருந்தார். பிற்காலத்துச் சவால் பாட்டுகளில் எதிரியையே காணோம். நாயகன் நூறு பேரைப் பின்னால் ஆட வைத்து, வானத்தைப் பார்த்து விரலை ஆட்டுகிறான். யாரைச் சொல்கிறான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எதிரே ஆள் இல்லாத சிலம்பாட்டம் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

பாரதியார் ஒருவர்தான் பகையை நேருக்கு நேர் பாடினார், அதுவும் தலைகீழாக: ‘பகைவனுக்கருள்வாய் நன்னெஞ்சே’. தின்ன வரும் புலியையும் அன்போடு போற்றச் சொல்கிறார். பாடகர்கள் அதைக் கண்ணை மூடி உருகிப் பாடுகிறார்கள். புலி எதிரே இருந்தால் கண்ணை மூடுவார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். எனக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்கிறான். வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். கோவூர் கிழார் நடுவில் நின்று, ‘உன் மாலையும் ஆத்தி, உன்னோடு பொருபவன் மாலையும் ஆத்தி’ என்கிறார். ஆத்தி சோழர் குலத்துப் பூ. ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.’ இருவரும் வெல்வது என்பதும் இயற்கையில் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று புலவர் கேட்கவே இல்லை. சூடியிருந்த பூவைத்தான் காட்டினார்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் மனத்தில் முதலிடத்தில் இருக்கும் பாட்டுக்கு வருகிறேன். ‘தளபதி’ கர்ணன், துரியோதனன் கதையின் புதுவடிவம் என்பது தெரிந்ததே. அதில் நாயகன், நண்பன் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்ததை நட்போடு சேர்த்துப் பாடுகிறான். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது? 27 ஆண்டுகளுக்கு முன், 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்திலிருந்து. ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன், ராமமூர்த்தி இசையமைக்க, சீர்காழி கோவிந்தராஜன் பாடியது. செஞ்சோற்றுக் கடன் தீர்க்கச் சேராத இடம் சேர்ந்தவன் என்று கர்ணனின் நட்பை அந்தப் பாட்டு ஒரே மூச்சில் எடை போடுகிறது.

அதைப் பாடுவது துரியோதனன் அல்ல. குந்தி அல்ல. அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனுக்கு முன்னால் நின்று பாடுவது கண்ணன். அந்த அம்பை எய்தவனுக்குத் தேரோட்டியவன். வீழ்த்தத் திட்டம் போட்டவனே விழுந்தவனுக்கு ஒப்பாரி வைக்கிறான். பழியில் தனக்கும் பங்கு உண்டு என்று அவனே சொல்கிறான். கர்ணனின் நட்பு எவ்வளவு பெரியது என்பது நண்பனுக்குத் தெரிந்ததைவிட, அதை உடைக்கப் பாடுபட்ட எதிரிக்கு நன்றாகத் தெரியும்.

ஒலிபெருக்கித் தம்பியிடம் அந்தப் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். அடிதோறும் முடிவில் ஒரு ‘அடா’ வரும். ‘வகுத்ததடா’ என்று சீர்காழி இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்: அது எந்த ‘டா’? எனக்கு இத்தனை வருடமாகப் பிடிபடவில்லை. தம்பி, போடலாம்.