ஊரோடு ஒத்த நிரல்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறேன். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறை, ஆர்டர் கணக்கு எழுத மென்பொருள் கேட்டது. ஒரு நாளைக்கு முப்பது பதிவு வந்தாலே அதிகம். எங்கள் பையன் ஒருவன் வரைந்து வந்த படத்தில் எட்டு மைக்ரோசர்வீஸ் (ஒரே வேலையைப் பிரித்துச் செய்யும் தனித்தனிச் சிறு நிரல்கள்), அவற்றைப் பல கணினிகளில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் குபர்னெட்டீஸ், தரவை ஆவணங்களாகச் சேமிக்கும் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் எல்லாம் இருந்தன.

"ஏன் தம்பி இத்தனை?"

"இப்ப எல்லாரும் இப்படித்தாண்ணே பண்றாங்க. வெறும் எஸ்க்யூஎல்-ல எழுதுனேன்னா நாளைக்கு இன்டர்வியூல மதிக்க மாட்டாங்க."

எஸ்க்யூஎல் என்பது தரவை டேபிள்களில், அதாவது அட்டவணைகளில், வைக்கும் டேட்டாபேஸ்களுக்கான பழைய மொழி. அவனைத் திட்ட மனம் வரவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு கூட்டத்தில், "இதற்கு ஒரு டேபிள் போதாதா?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. அப்புறம் நானும் தலையாட்டப் பழகினேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

குபர்னெட்டீஸ் நல்ல கருவி. ஆயிரக்கணக்கான கணினிகளை மேய்த்த அனுபவத்திலிருந்து கூகுள் அதை 2014-இல் வெளியிட்டது. பட்டறையில் இருப்பதோ ஒரே ஒரு கணினி. எஸ்க்யூஎல் ஐபிஎம்மில் பிறந்தது 1974-இல். 2009-இல் மோங்கோடிபி வந்தபோது, பழையதன் காலம் முடிந்தது என்று பலர் பேசினார்கள். ஆனால் நம் பக்கத்துப் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெயரில் பற்று எழுதினால் இன்னொருவர் பெயரில் வரவு விழ வேண்டும். ஒன்று மட்டும் பதிவாகி மற்றது விட்டுப்போனால் கணக்கே கெட்டுவிடும். இப்படிப் பல ஆவணங்களை, பதிந்தால் எல்லாம், இல்லையென்றால் எதுவும் இல்லை என்று சேர்த்துப் பதிகிற வசதி மோங்கோடிபிக்கு 2018-இல்தான் வந்தது. எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களில் அது பல ஆண்டுகளாகவே இருந்தது.

சரி, பேசி என்ன பயன் என்று அவனைப் பட்டறைக்கே கூட்டிப்போனேன். அங்கே ஒரு அண்ணன் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டை ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் தூவினார்.

"ஏண்ணே அடியில கண்ணாடி?" என்று பையன் கேட்டான்.

"அதுல பட்ட பக்கம்தான் மேல் பக்கம். பளபளப்பு அதுலதான் வருது."

"தண்ணியில ஏன் ஊறப்போடுறீங்க?"

"சிமெண்டு இறுகணும்ல. சூளை கிடையாது நமக்கு."

கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் பையன் பேசவே இல்லை.

மறுநாள் புதுப் படம் கொண்டுவந்தான். ஒரே டேட்டாபேஸ். வாடிக்கையாளர் அனுப்பும் பூ மாதிரிப் படங்களுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்கியிருந்தான். ஏன் என்றும் சொன்னான். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தது: "பட்டறையில் கரண்ட் போனால், பாதி எழுதிய ஆர்டர் என்ன ஆகும்?"