ஜேஸ்டோரில் கரைவலை வளைத்த கதை

வணக்கம் உறவுகளே. ஓம், திரும்பவும் திருகோணமலை டச்பே கடற்கரைதான். போன வீடியோவில் கோட்டைக்குள் மான் என் குறிப்புகளைத் தின்றதைப் பார்த்துச் சிரித்த ஆட்களுக்கு ஒரு தகவல்: இன்றைக்குக் கொப்பி பைக்குள், பை என் மடிக்குள்.

இன்றைக்குக் கதைக்கப்போவது ஆய்வுக் கட்டுரை தேடுவதைப் பற்றி. உடனே அடுத்த வீடியோவுக்கு ஓடாதீர்கள், மூன்று இரவு நித்திரையைத் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஆய்வு கரைவலை பற்றியது என்று உங்களுக்குத் தெரியும், கடலில் வளைத்துவிட்டுக் கரையில் நின்று இழுக்கிற வலை. ஒரே கரையில் பல சம்மாட்டிமார், அதாவது வலைச் சொந்தக்காரர், யார் எந்த நாளில் வலை வளைப்பது, அதில் வருகிற சண்டை. அந்த வலைக்கு ஆங்கிலத்தில் 'செயின்' (seine), சங்கிலி இல்லை. சரி என்று அந்த ஒரு சொல்லை ஜேஸ்டோரில், அதாவது ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிற இணையத்தளத்தில், போட்டேன். முதலில் வந்தது பாரிஸ். அங்கே ஓடுகிற ஆற்றுக்கும் அதே பெயர், அதே எழுத்து. அதைக்கூடப் பொறுக்கலாம். அப்புறம் பக்கம் பக்கமாக ஜெர்மன் கட்டுரைகள்! ஜெர்மனியில் கரைவலை இவ்வளவு பிரபலமா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன், உண்மையாகவே. பிறகுதான் பிடிபட்டது, ஜெர்மனில் அந்த ஐந்து எழுத்துக்கு 'அவனுடைய' என்று அர்த்தமாம். 'அவனுடைய' இல்லாத ஜெர்மன் கட்டுரையை நான் எங்கே போய்த் தேடுவது?

சரி, மீனவரைத் தேடுவோம் என்று 'ஃபிஷர்' போட்டு, பின்னால் நட்சத்திரக் குறியும் போட்டேன். அந்தக் குறி போட்டால் அதே எழுத்தில் தொடங்கும் சொல் எல்லாம் வரும். எல்லாம்தான் வந்தது. புள்ளிவிவர மேதை ரொனால்ட் ஃபிஷர், அவர் பெயரில் இருக்கிற கணக்குச் சோதனை, ஃபிஷர் என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிற உலகத்துப் பேராசிரியர் எல்லோரும். மீன் மட்டும் குறைவு.

கடைசியில் 'பீச் செயின்' என்று இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் ஒன்றாகப் போட்டதும் ஜெர்மன்காரர் கிளம்பிவிட்டார்கள். அப்படித்தான் 1977இல் எத்னாலஜி என்ற மானிடவியல் இதழில் போல் அலெக்சாண்டர் என்பவர் எழுதிய கட்டுரை கிடைத்தது. தென்னிலங்கைக் கரை ஒன்றில் முறை வைத்து வலை வளைப்பது, வலையில் பங்கு வைத்திருப்பது, வலைகள் கூடக் கூட ஒவ்வொரு வலையும் தன் முறைக்காகக் காத்துக் கிடப்பது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அப்படியே எங்கள் கரைக் கதை! இன்னொன்று, ஜேஸ்டோரில் பழைய இதழின் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள், அந்தத் தேய்ந்த எழுத்துக்காகவே எனக்கு அந்தத் தளம் பிடிக்கும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். பல்கலைக்கழகக் கணக்கு இல்லாவிட்டாலும் ஜேஸ்டோரில் இலவசமாகப் பதிந்தால் மாதம் 100 கட்டுரை வாசிக்கலாம். திரையில் வாசிக்க மட்டும்தான், இறக்க முடியாது. நட்சத்திரக் குறியும் அங்கே வேலை செய்யும், கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்கொலரில் செய்யாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது மாமா. மீனவர் வாடியில் பிளேன் டீ குடித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, போனுக்குள்ளேயே கிடக்கிறாய்?" என்றார். வலை வளைக்கிற முறையைப் பற்றி ஆராய்ச்சி தேடுகிறேன் மாமா என்றேன். "அதுக்குப் பேர் பாடு எல்லோ" என்றார், சாதாரணமாக.

பாடு! சின்ன வயதிலிருந்து கேட்கிற சொல். அதை ஆங்கில எழுத்தில் ஆராய்ச்சியாளர்கள் அப்படியே வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆசையில் அதற்கும் நட்சத்திரக் குறி போட்டேன், இத்தாலியின் பாதுவா நகரம் வந்தது. எனக்குப் புத்தி வராது. குறியை எடுத்துவிட்டு, மீன்பிடி என்ற சொல்லையும் சேர்த்தேன். வரிசையாக வந்தது உறவுகளே! நீர்கொழும்புக் களப்பு, பழவேற்காடு, கொச்சிக் கழிமுகம். 2004இல் மரைன் பொலிசி இதழில் லோப், பெர்கெஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'பாடு' நிற்கிறது. மாமாவிடம் காட்டினேன். "ஓ, இதுக்கும் படிக்கோணுமோ?" என்றார்.

இனி என் வயிற்றெரிச்சல். அந்த வரிசையில் ஒரு கட்டுரையைத் தொட்டால், 42 டொலர். டொலர் 300 என்று வைத்தாலும் 12,600 ரூபா. அதுவும் 48 மணித்தியாலத்துக்கு! வாங்குவதுகூட இல்லை, வாடகை. நாலு கிலோ அறுக்குளா மீன் வாங்கலாம். அறுக்குளாக் குழம்பு இரண்டாம் நாள்தான் ருசி, இதுவோ இரண்டாம் நாள் பூட்டிக்கொள்ளும். எழுதியவருக்கு அதில் ஒரு சதம்கூடப் போகாது. எங்கள் கரையில் ஒரு முறை வலை வளைத்தால் படகுக்காரன், கயிறு இழுத்தவன் எல்லோருக்கும் பங்கு உண்டு. இங்கே இழுத்தவனுக்குப் பங்கே இல்லை. திரையை நாலு தரம் புதுப்பித்துப் பார்த்தேன், விலை குறையுமாக்கும் என்று.

அப்புறம் கூகுள் ஸ்கொலரில் அதே தலைப்பைப் போட்டேன். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும், யாரும் தொடுவதில்லை. தொட்டேன். ஐந்து பதிப்பு. மூன்றாவது, எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அவரே போட்டிருந்த கைப்பிரதி. முழுதாக, இலவசமாக! கடற்கரையில் தனியாக இருந்து கத்தினேன், பக்கத்தில் கடலை விற்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். இதழின் பக்க எண் அதில் இருக்காது, மேற்கோள் காட்டும்போது கவனம். 'அன்பேவால்' (Unpaywall) என்று உலாவியில் சேர்க்கிற ஒன்றும் உண்டு, இலவசப் பிரதி கண்டுபிடித்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டுக் காட்டும்.

ஸ்கொலரில் எனக்குப் பிடிக்காதது திகதிப்படி அடுக்குவது. அழுத்தினால் கடைசி ஒரு வருடத்தில் சேர்ந்தவை மட்டும் வரும், மற்றதெல்லாம் காணாமல்போகும். அலெக்சாண்டரும் காணாமல்போனார், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் 'மேற்கோள் காட்டியவை' தங்கம். 1977இல் நின்றுகொண்டு அதை அழுத்தினால், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

இடப்பெயர் தேடுவது தனிச் சண்டை. எங்கள் பக்கத்துக் கொட்டியாரத்தை ஆங்கிலத்தில் கே-யில் தேடுங்கள், சி-யிலும் தேடுங்கள். 1660இல் அங்கே பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதியது சி-யில்தான். தமிழ்ச் சஞ்சிகைக்கு நூலகம் தளம், உள்ளூர் ஆங்கில இதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன். அது இன்னொரு வீடியோ, பற்றரி எட்டு வீதத்தில் நிற்கிறது.

உங்கள் கரையில் 'பாடு' என்பதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். இன்றைக்கு இரவே போட்டுத் தேடுகிறேன். நட்சத்திரக் குறி இல்லாமல்.