ஹென்றி மொலேசனிடம் மிஞ்சிய நினைவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்கு நினைவு பற்றிப் பாடம் எடுக்கும்போது, வரையறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரிடமிருந்துதான் தொடங்குவேன். உளவியலில் இவ்வளவு கற்றுக்கொடுத்த இன்னொரு நோயாளி இல்லை என்றே சொல்வேன்.

மொலேசனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. அது முற்றி, வேலைக்கே போக முடியாமல் ஆனது. 1953இல், அவருடைய 27ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் மூளையின் இரண்டு பக்கத்திலும் உட்புறத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், முதல் முறை பார்ப்பவரைப் போல வரவேற்பார். அறிவு மங்கவில்லை, நுண்ணறிவுச் சோதனையில் சராசரிக்கு மேலேயே மதிப்பெண் வாங்கினார்.

அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பிரெண்டா மில்னர். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டால், மொலேசன் சரியாகச் சொன்னார்! எப்படி? ஐந்தும் எட்டும் நான்கும் கூட்டினால் 17, அதில் எட்டு போனால் ஒன்பது, அதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும் என்று மனதுக்குள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண் மட்டுமல்ல, அப்படி ஒரு எண்ணைக் கேட்டார்கள் என்பதே மறந்துபோயிற்று. குறுகிய கால நினைவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அது அவரிடம் நன்றாகவே இருந்தது. இளமைக்கால நினைவுகளும் பெரும்பாலும் இருந்தன. புதியதை நீண்ட கால நினைவுக்குக் கொண்டுபோகும் வழிதான் அடைபட்டிருந்தது.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது. இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கையை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரிவதைப் பார்த்தே அந்தக் கோடுகளுக்கு நடுவே வரைய வேண்டும். யாருக்கும் முதலில் கோணல் மாணலாகத்தான் வரும். மொலேசன் மூன்று நாள் வரைந்தார். நாளுக்கு நாள் தவறுகள் குறைந்தன. ஆனால் இதற்குமுன் வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை! கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது போன்ற செயல்முறை நினைவு, நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பதிலிருந்து வேறானது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஆகவே, ஒரு பிள்ளையைப் பார்த்து "இவனுக்கு ஞாபக சக்தியே இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கும். எந்த நினைவு? கற்பதிலா, மனத்தில் இருத்துவதிலா, மீட்டுக்கொணர்வதிலா சிக்கல்?

மீட்டுக்கொணர்தல், மீட்டறிதல் இரண்டையும் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். பார்த்ததும் "இது தெரிந்ததுதான்" என்று அடையாளம் காண்பது மீட்டறிதல். எதையும் பார்க்காமல் மனதிலிருந்து எடுப்பது மீட்டுக்கொணர்தல். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வருவது மீட்டறிதல். பரீட்சைத் தாள் பெரும்பாலும் கேட்பது மீட்டுக்கொணர்தல். "எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, எழுத வரலை" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை, தயவுசெய்து நம்புங்கள்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரே பகுதியை ஒரு பிரிவு மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

இன்று இரவு உங்கள் வீட்டில் யாராவது படிக்க உட்கார்ந்தால், ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.