கைகுலுக்கும் மேயர்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்? வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான். உள்ளாட்சியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் அந்தக் கதவிலிருந்துதான் தொடங்குவேன். இன்று பேசப்போவது அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில், எந்நேரமும் திறந்தே இருந்த ஒரு கதவைப் பற்றி. ஆல்ஃபி பர்ன் என்பவரைப் பற்றி.

பிறந்தது 1882இல். அப்பா துறைமுகத் தொழிலாளி. பையன் சீக்கிரமே பள்ளியை விட்டுவிட்டு சைக்கிள் பழுது பார்த்தான், மதுக்கடையில் பரிமாறினான். பிறகு காசு சேர்த்து டால்பட் தெருவில் சொந்தக் கடையே வாங்கினான். 1909இல் கவுன்சிலர். அயர்லாந்து அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்ததால், 1915இல் லண்டன் பாராளுமன்றம், 1918இல் தோல்வி, 1922இல் டப்ளின் நாடாளுமன்றம். அப்புறம் 1930இல் லார்ட் மேயர், அதாவது டப்ளின் நகர மேயர்.

இந்த 1930ஐக் கொஞ்சம் கவனியுங்கள். 1924இல் அரசாங்கம் டப்ளின் மாநகராட்சியையே கலைத்து, ஆணையர்களிடம் ஒப்படைத்திருந்தது. ஆறு வருடம் கழித்து மன்றம் திரும்பி வந்தது. ஆனால் நிர்வாகம் நகர மேனேஜர் என்ற அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. ஒப்பந்தம், ஊழியர் நியமனம், அன்றாட வேலை எல்லாம் அவரிடம். மேயருக்குக் கூட்டத் தலைமையும், பதவிச் சின்னமான கழுத்துச் சங்கிலியும்தான்.

ஆல்ஃபி என்ன செய்தார்? தெருவுக்கு வந்தார். சைக்கிளில் வந்தார். முறுக்கிய மீசையோடு, எதிர்ப்பட்டவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். மேயர் மாளிகைக்குக் குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். டப்ளினின் கைகுலுக்கும் கை என்றே ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. கைகுலுக்கினால் வீடு கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். கிடைக்காது, சரிதான். பழைய மாளிகைகளைக் கூறுபோட்டு அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் அடைந்து கிடந்த ஊர் அது. ஆனால் அப்படி ஓர் அறையில் இருப்பவரின் கையை மேயரே வந்து பிடிக்கிறார் என்றால், நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று அவருக்குத் தோன்றும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், சின்ன விஷயமே இல்லை. அதிகாரம் பிடுங்கப்பட்ட பதவியில் ஒருவர் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மக்களும் அவரைத் தேடிப் போனார்கள். 1954இல், 72 வயதில், பத்தாவது முறையும் மேயர். 1956 மார்ச்சில் காலமானார்.

அவருடைய அந்த ஒன்பது ஆண்டுகள் முடிந்ததும் 1939இல் மேயராக வந்த கேத்லீன் கிளார்க் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். டப்ளினின் முதல் பெண் லார்ட் மேயர். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காக ஆங்கிலேயர் அவருடைய கணவரையும் தம்பியையும் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மேயரானதும், ஆங்கில அரசன் மூன்றாம் வில்லியம் கொடுத்த சங்கிலியை அணிய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். விக்டோரியா மகாராணியின் படத்தையும் மாளிகையிலிருந்து... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. அகற்றச் சொன்னார். வணக்கம்.