நடன அமைப்பாளரின் கோடை: கையில் இருக்கும் 52 மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக நடனம் அமைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் நடத்தும் ரெசிடென்சிகளை, அதாவது வளாகத்தில் தங்கிப் புதிய படைப்பை உருவாக்கும் ஏற்பாடுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நடனம் அமைப்பவருக்கு ஒரு கூடம் வேண்டும், குதித்தால் காலைக் காக்கும் தரை வேண்டும், மனத்தில் தோன்றியதை உடனே செய்து பார்க்க நான்கைந்து உடல்கள் வேண்டும். இந்த மூன்றையும் சொந்தச் செலவில் ஒரு மாதம் தாங்கிக்கொள்ள இளைஞர்கள் பலரால் முடியாது. பல்கலைக்கழகத்திலோ, வகுப்புகள் இல்லாத கோடையில் கூடங்களும் அரங்கமும் விடுதி அறைகளும் காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலி இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடுதான் ரெசிடென்சி.

இதற்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பென்னிங்டன் கல்லூரியில் 1934இல் மார்த்தா ஹில் ஒரு கோடைக்கால நடனப் பள்ளியைத் தொடங்கினார். நவீன நடன முன்னோடிகளான மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன், ஹான்யா ஹோம் ஆகியோர் அங்கே கற்பித்தார்கள். 1937இல் இன்னொரு படி மேலே போய், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹோசே லிமோன், அன்னா சோகலோவ், எஸ்தர் யுங்கர் மூவரையும் நல்கையாளர்களாக, அதாவது ஆதரவு பெற்றுப் படைக்கும் கலைஞர்களாக அழைத்து, புதிய படைப்புகளை உருவாக்க வழிசெய்தது அந்தப் பள்ளி. அதன் தொடர்ச்சியாக 1948இல் கனெக்டிகட் கல்லூரியில் அமெரிக்க நடன விழா தொடங்கியது. 1978இல் அது டியூக் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. நடன அமைப்பாளர் மெர்ஸ் கனிங்ஹாம் தன் நடனக் குழுவை உருவாக்கியதும் 1953இல் பிளாக் மவுண்டன் கல்லூரியின் கோடைக்காலத்தில்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு. மூன்று வார ரெசிடென்சி, வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ஒத்திகை என்று வைத்துக்கொள்வோம். 72 மணி நேரம் என்று தோன்றும். அறிமுகத்துக்கும் ஆடுபவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் முதல் நாள் போய்விடும். மேடை ஒத்திகைக்கும் காட்சிக்கும் கடைசி இரண்டு நாள். மிஞ்சுவது 15 நாள், 60 மணி நேரம். அதிலும் உடலைச் சூடேற்றவும் தண்ணீர் குடிக்கவும் நாளுக்கு அரை மணி கழித்தால், கையில் நிற்பது சுமார் 52 மணி நேரம்தான்.

ஐந்து பேர் ஆடும் ஒரு நிமிட நடனத்தைக் கண்டுபிடித்து, கற்பித்து, சுத்தப்படுத்தி முடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பன்னிரண்டு நிமிடப் படைப்பு என்று திட்டமிட்டு வருபவருக்கு 48 மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். புதிய அசைவுகளைத் தேடிப் பார்க்க நேரமே இராது. அப்படி வருபவர்கள் இரண்டாம் வாரத்திலிருந்து ஏற்கெனவே தெரிந்த அசைவுகளையே எடுத்து ஒட்டத் தொடங்குகிறார்கள். ஆறு நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிக்கும் மேற்பட்ட நேரம் தேடலுக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்து செய்ய முடியாதது அந்தத் தேடல் மட்டும்தான். ரெசிடென்சிக்குப் போவதே அதற்காக.

விண்ணப்பத்தில் சறுக்குவது பெரும்பாலும் வீடியோவில்தான். நொடிக்கொரு வெட்டு, மேலே அதிரும் இசை, முகத்துக்கு அருகில் கேமரா என்று விளம்பரப் படம்போல் தொகுத்து அனுப்புகிறார்கள். அதில் தெரிவது படத்தொகுப்பாளரின் திறமை. தேர்வுக் குழு பார்க்க விரும்புவது, ஓர் அசைவிலிருந்து அடுத்த அசைவுக்கு நீங்கள் எப்படிப் போகிறீர்கள், மேடையின் வெற்றிடத்தை என்ன செய்கிறீர்கள் என்பதை. ஒரே கேமரா, அசையாத முக்காலி, பாதம் முதல் தலைவரை எல்லா உடல்களும் தெரியும் சட்டகம், வெட்டில்லாத ஐந்து முதல் எட்டு நிமிடம், இவ்வளவு போதும். குழுவினர் பல விண்ணப்பங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் என்பதால், மெதுவாகத் தொடங்கும் படைப்பென்றால் வலுவான பகுதி எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்து அனுப்புங்கள். நீங்களும் அதில் ஆடியிருந்தால் எந்த உடையில் இருப்பவர் நீங்கள் என்றும், அமைத்தது யார் என்றும் தெளிவாக எழுதுங்கள்.

திட்ட விளக்கத்தில் பெரிய தலைப்பு உதவாது. ‘இயற்கையும் மனிதனும்’ என்று எழுதினால் ஒத்திகைக் கூடத்தில் முதல் நாள் என்ன செய்வீர்கள் என்று யாருக்கும் புரியாது. ‘ஐந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் முழு எடையையும் சாய்த்திருக்கும்போது, பிடியை விடாமல் மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எப்படிப் போவார்கள்?’ என்று எழுதினால், அது செய்து பார்க்கக்கூடிய கேள்வி. தோற்றாலும் ஏதாவது கற்றுத் தரும்.

இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உருவாகும் படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற வரியைத் தேடுங்கள். மார்த்தா கிரஹாம் 1991இல் காலமான பிறகு அவருடைய நடனங்களின் உரிமை பற்றிப் பெரிய வழக்கு நடந்தது. அவற்றில் பலவற்றை அவர் தன் நிறுவனத்தின் ஊழியராக இருந்து உருவாக்கினார், ஆகவே அவை நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2002இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே அந்த நிலை. படைப்பு உங்களுடையது, பல்கலைக்கழகம் ஆவணத்துக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தலாம் என்ற அளவில் அந்த வரி இருந்தால் நல்லது. கூடவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: ஆடுபவர்களுக்கு ஊதியம் உண்டா? அவர்கள் காலையில் வேறு வகுப்புகளில் ஆடிவிட்டு வருகிறார்களா? கூடத்தின் தரை எப்படிப்பட்டது?

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காங்கிரீட்டின்மேல் நேரடியாக வினைல் விரிப்பைப் போட்டால் பார்வைக்கு நடனத் தரைதான்; ஆனால் குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் முதுகுக்கும் போகும். அடியில் மரச்சட்டங்களோ ரப்பர் தாங்கிகளோ வைத்து, மிதித்தால் சற்று அமிழ்ந்து மீளும்படி அமைத்த தரை வேண்டும். காலைத் தட்டி ஆடும் பாணிகளுக்கு இது இன்னும் முக்கியம். அப்படிப்பட்ட தரை இல்லையென்றால் குதிப்புகளையும் தட்டுகளையும் குறைத்து, உங்கள் கேள்வியையே மாற்றிக்கொள்வது நல்லது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்பது மற்றவர் எலும்பை வைத்து ஆடும் சூதாட்டம்.

காயங்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் தலைகாட்டும். அதுவரை வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம் ஆடிய உடல், திடீரென்று இருபத்துநான்கு மணி நேரம் ஆடுகிறது. எலும்பும் தசைநாரும் அந்த வேகத்தில் பழகுவதில்லை. ஆகவே தூக்குதல்களையும் உயரக் குதிப்புகளையும் உடல் சூடேறிய பிறகு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு தூக்குதலை முழு வேகத்தில் நான்கு தடவைக்கு மேல் தொடர்ந்து கேட்காதீர்கள்; பிறகு தூக்காமல் கையால் குறித்துக்காட்டிச் செய்தால் போதும். கடைசி அரை மணியில் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். வார ஓய்வு நாளை ஒத்திகைக்காக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வாரத்தில் கண்ணாடியைத் திரையிட்டு மூடுங்கள். கண்ணாடி இருந்தால் எல்லோரும் அதைப் பார்த்தே ஆடுவார்கள். நீங்களும் அறியாமலேயே எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்து அமைத்துவிடுவீர்கள். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு பெயர் வையுங்கள். ‘இரண்டாவது சாய்வுக்குப் பிறகு வருவது’ என்பதைவிட ‘கதவு’ என்ற ஒற்றைச் சொல் ஒத்திகையில் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும். ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்று கிடைத்ததை ஒரு முறை படம்பிடித்து, கோப்புக்குத் தேதியோடு பெயரிடுங்கள். தொட்டு ஆடும் பகுதிகளில் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறருடைய கருத்தை எப்படிக் கேட்பது என்பதில்தான் இளம் அமைப்பாளர்கள் உடைந்துபோகிறார்கள். அரைகுறையாக இருக்கும் படைப்பைக் காட்டியதும் பத்துப் பேர் பத்து யோசனை சொன்னால், மறுநாள் அது யாருடைய படைப்பு என்றே தெரியாது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை இதற்கு நல்ல மருந்து. முதலில் பார்வையாளர்கள் தங்கள் மனத்தில் தங்கியதைச் சொல்வார்கள். அடுத்து, கலைஞர் தனக்கு வேண்டிய கேள்விகளைக் கேட்பார். மூன்றாவதாக, பார்வையாளர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் கருத்து, அதுவும் கலைஞரிடம் அனுமதி பெற்ற பிறகு. மூன்றாவது படி கடினம். ‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது கேள்வி வேடத்தில் வரும் தீர்ப்பு. ‘இந்தப் பகுதியின் நீளத்தை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?’ என்பதுதான் கேள்வி. முதல் வார இறுதியில் ஒரு தடவை, காட்சிக்கு ஐந்து நாள் முன்பு ஒரு தடவை நடத்தினால் போதும். அதற்குமேல் வேண்டாம்.

இசையைக் கடைசியில் தேடினால் சிக்கல்தான். பதிவு செய்த இசையை அரங்கில் ஒலிபரப்ப ஓர் அனுமதி, அதே இசையோடு வீடியோவை இணையத்தில் ஏற்ற வேறோர் அனுமதி. இரண்டாவதை மறந்தவர்களின் பதிவு ஒலியிழந்து கிடக்கும், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவாது. அதே வளாகத்தில் இசைத்துறை இருந்தால் முதல் வாரமே போய் ஒரு மாணவ இசையமைப்பாளரைத் தேடிப் பிடியுங்கள்.

மேடை ஒத்திகைக்குப் படைப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்கள். அதற்குள் இடம் பழக வேண்டும், ஒளி அமைக்க வேண்டும், முழுதாக ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஒளி மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் வைத்தாலும் பன்னிரண்டுக்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆறு நிமிட நடனத்துக்குப் பன்னிரண்டே அதிகம். முன்விளக்குகளை மட்டும் நம்பினால் உடல் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் முழங்கால், இடுப்பு, தலை உயரங்களில் விளக்கு வைத்தால்தான் உடலின் வளைவுகள் எழுந்து நிற்கும். கூடத்தில் ஒத்திகை பார்க்கும்போதே மேடையின் அகலம், ஆழம், நடுப்புள்ளி, கால்பங்குத் தூரத்தைக் காட்டும் புள்ளிகள் எல்லாவற்றையும் தரையில் டேப்பால் ஒட்டிப் பழகியிருந்தால், மேடையில் இடம் பழக அரை மணியே போதும். பக்கவாட்டு விளக்குத்தாங்கி நிற்கும் வழியாகவே ஆடுபவர் ஓடி வெளியேறுவதாக அமைத்திருந்தால், அதை அன்றைக்குக் கண்டுபிடிப்பது ஆபத்து. தாங்கிகளின் இடத்தையும் முன்கூட்டியே கேட்டுத் தரையில் குறித்துவிடுங்கள்.

காட்சி முடிந்த இரண்டு நாட்களுக்குள், உடல்களுக்கு இன்னும் நினைவிருக்கும்போதே, எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுங்கள்: அரங்கின் பின்வரிசையிலிருந்து எடுத்த வெட்டில்லாத வீடியோ, யார் எங்கே நின்றார்கள் என்ற தரைப்படம், துணுக்குகளின் பெயர்கள், தாள எண்ணிக்கைகள், ஒளி மாற்றப் பட்டியல், இசை அனுமதிக் கடிதம், ஆடியவர்களின் முழுப் பெயர்கள். வெட்டி எறிந்த பகுதிகளின் ஒத்திகைப் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். ஆறு நிமிடத்துக்குள் இடம் கிடைக்காமல் போனவற்றில் அடுத்த படைப்பின் தொடக்கம் இருக்கலாம்.

வணக்கம்.